நடுவிலிருந்து ஓரத்துக்கு வந்த வெர்டெல்

பாயு டோரே சர்க்கரை ஆலையின் எடைமேடையில் உட்கார்ந்திருக்கும் வெர்டெல் கியோமை இந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. கரும்பு லாரி மேடையில் ஏறியதும் அவன் முள்ளைப் பார்க்க மாட்டான், டயரைப் பார்ப்பான். கரும்போடு ஈரச் சேற்றையும் வாரிப் போட்டு எடையைக் கூட்டப் பார்க்கிற ஓட்டுநரை, "கழுவிட்டு வா, காத்திருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்புவான். எடையில் எப்படியெல்லாம் ஏமாற்றலாம் என்று அவனுக்குத் தெரிந்த அளவு அந்த ஓட்டுநர்களுக்குத் தெரியாது. அந்த வித்தையில் நானும் அவனுக்குக் கூட்டு.

நான் நெவெல் அர்செனோ. ஆறாம் வகுப்பில் பாதியோடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டவன். பதினான்கு வயதில் அடுத்தவன் கடையில் பன்றித் தலை வழித்தேன். முப்பது வயதில் அந்தக் கடையையே வாங்கிப் பலகையில் என் பெயரை எழுதினேன். சோறும் பன்றி ஈரலும் குடலில் திணித்து நான் செய்கிற பூடானைப் போல இந்தப் பாயு ஓடையின் இரண்டு கரையிலும் எங்காவது கிடைத்தால் சொல்லுங்கள், அன்றே கடையை மூடிவிடுகிறேன். வெர்டெல் என் மனைவி ஓடீலின் தம்பி. அவனைப் பற்றி நகரத்துப் பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேருமே ஈயத்தைப் பற்றி எழுதவில்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்? வேலியோரம் நின்று பார்த்தவன் நான்தான்.

கால்பந்து என்றால் எங்கள் ஊரில் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது. அதில் வெர்டெல் தடுக்கிற பக்கம். அந்தப் பக்கத்திலும் நட்டநடு. பந்தைக் காலிடுக்கு வழியாகப் பின்னால் கொடுக்கிறானே, அந்த சென்டருக்கு நேர் எதிரே குனிந்து, மூக்குக்கு மூக்கு வைத்து நிற்பான். பந்து அசைந்ததும் எதிரணியில் இரண்டு பேர் அவன்மேல் வந்து விழுவார்கள். அவன் சாயக் கூடாது. அவன் அந்த இரண்டு பேரையும் தாங்கிக்கொண்டு நிற்க, பின்னால் இருக்கிற லைன்பேக்கர் ஓடி வந்து பந்துக்காரனைப் பிடித்துப் பெயர் வாங்கிக்கொண்டு போவான். பத்து வயதிலிருந்து அவன் செய்தது இந்த வேலைதான். செய்தித்தாளில் அவன் பெயர் வந்த நாட்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம்.

ஒரு சின்னக் கல்லூரியில் நான்கு வருடம் ஆடினான். கரும்பு அரைக்கும் பருவம் வந்தால் ஆட்டம் இல்லாத நாட்களில் ஊருக்கு வந்து ஆலையில் பாகு காய்ச்சும் கொட்டடியில் நிற்பான். கல்லூரி முடிந்த வருடம் பெரிய அணிகளெல்லாம் ஆள் எடுக்கக் கூடி முந்நூற்றுச் சொச்சம் பையன்களின் பெயரைக் கூப்பிட்டன. இவன் பெயரை யாரும் கூப்பிடவில்லை. ஆலையில் நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டு மேஸ்திரி ஆள் அனுப்பினார். வெர்டெல் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தான். ஒரு வருடமாவது அந்தப் பெரிய மைதானத்தில் ஆடிவிட வேண்டும், அதற்குப் பிறகு சாகும்வரை பாகு கிண்டச் சொன்னாலும் கிண்டுகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறான்.

மே மாதம் என் கடைக்குத் தொலைபேசி வந்தது. வெர்டெல் வீட்டில் அப்போது தொலைபேசி கிடையாது. பேசியவர் வடக்கே ஓர் அணியின் தடுப்பாட்டப் பயிற்சியாளர், லுட்கே என்று பெயர். அணியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர்களுடைய வக்கீல்களுக்குக் கடிதம் எழுதுவதைத் தவிர வேறு வேலை இல்லை. நடுவில் நிற்க ஓர் ஆள் வேண்டும், ஜூலையில் முகாமுக்கு வரட்டும், தொண்ணூறு பேர் வருவார்கள், நாற்பத்தைந்து பேர் மிஞ்சுவார்கள், ஆனால் இருநூற்று எண்பத்தைந்து பவுண்டுக்குக் கீழே இருந்தால் பெட்ரோலை வீணாக்க வேண்டாம் என்றார். இப்போது எவ்வளவு என்று கேட்டார். இருநூற்று எண்பதைத் தாண்டிவிட்டான் என்று நான் சொல்லிவிட்டேன்.

அப்போது வெர்டெலின் எடை இருநூற்று ஐம்பத்து நான்கு.

"எதுக்கு மச்சான் பொய் சொன்னீங்க?" என்றான்.

"பொய் இல்லடா. கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டேன், அவ்வளவுதான். இனிமே நீ தின்னு அதை உண்மையாக்கு."

ஆறு வாரம் தின்றான். காலையில் எட்டுப் பூடான், பன்னிரண்டு முட்டை. மதியம் ஒரு பானை கம்போக் குழம்பு. இரவில் ஓடீல் சுடுகிற சர்க்கரைவள்ளிப் பணியாரத்தில் முழுத் தட்டு. என் கடையில் தொங்கியதில் நல்லதெல்லாம் அவன் வயிற்றுக்குத்தான் போனது. ஆனாலும் அந்த மடையன் விடியற்காலையில் கரும்பு வரப்பில் ஓடுவதை நிறுத்தவில்லை. ஓடாதேடா, தின்றதெல்லாம் கரைகிறது என்று எத்தனையோ முறை சொன்னேன். ஓடாவிட்டால் தூக்கம் வராது என்றான். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் என் கடைத் தராசில் ஏற்றினேன். இருநூற்று அறுபத்தெட்டு.

பதினேழு பவுண்டு குறைகிறது. ஓடீல் தலையில் கை வைத்துக்கொண்டாள். தண்ணீர் குடித்தால் ஆறு பவுண்டு ஏறும், அது எல்லா முகாமிலும் எல்லோரும் செய்கிற வேலை. மீதிப் பதினொன்று? பின்கட்டில் என் வீச்சு வலை காய்ந்துகொண்டிருந்தது. அதன் விளிம்பைச் சுற்றி ஈயக் குண்டுகள். நான் கத்தியை எடுத்து ஒவ்வொன்றாக அறுக்க ஆரம்பித்ததுமே ஓடீலுக்குப் புரிந்துவிட்டது. ஊசி நூலைத் தேட உள்ளே போனாள். ஆட்டக்காரர்கள் காற்சட்டைக்கு உள்ளே இறுக்கமாக ஒரு கச்சை போடுவார்கள். இடுப்பு எலும்புக்குப் பஞ்சுத் திண்டு வைக்க அதில் பைகள் இருக்கும். திண்டுகளை எடுத்துவிட்டு ஈயத்தை வைத்து வாயைத் தைத்தாள். இப்படி ஒரு யோசனை படித்தவன் எவனுக்கு வரும் என்று கேட்கிறேன்.

என் இறைச்சி வண்டியிலேயே இருபது மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனேன். முகாம் ஒரு கல்லூரி வளாகத்தில். காலை எட்டு மணிக்கு எடை. கூட வந்த குடும்பத்தாரெல்லாம் வேலிக்கு வெளியே நின்றோம். வெர்டெல் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி மெதுவாக நடந்து போய்த் தராசில் ஏறினான். இருநூற்று எண்பத்தாறு என்று கூவினார்கள். ஒன்று கூடவே. நான் பக்கத்தில் நின்றவர் தோளைத் தட்டி, அது எங்கள் வீட்டுப் பிள்ளை என்றேன்.

வழக்கமாக எடை முடிந்தால் அன்று ஓய்வு. தண்ணீரையும் ஈயத்தையும் இறக்கிவிட நேரம் கிடைக்கும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் மேற்கே கருமேகம் திரண்டு வந்தது. மழைக்கு முன்னால் நாற்பது கஜ ஓட்டத்தை முடித்துவிடலாம், எல்லோரும் அப்படியே வாருங்கள் என்று லுட்கே கூப்பிட்டுவிட்டார். வெர்டெல் வேலிப் பக்கம் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்ய முடியும்? ஓடு என்று கையைக் காட்டினேன்.

ஓடினான். முப்பது கஜம்வரை ஓடீலின் தையல் தாங்கியது. அதற்குப் பிறகு இடது பக்கம் பிரிந்தது, பிறகு வலது பக்கம். ஈயக் குண்டுகள் காற்சட்டைக்குள் வழிந்து, ஓடுகிற கால் இரண்டுக்கும் நடுவே தடத்தில் சிதறி உருண்டன. கோழி ஓடிக்கொண்டே முட்டை போடுவது போல இருந்தது. முடிவுக் கோட்டைத் தாண்டி நின்ற வெர்டெல் திரும்பிப் பார்க்கவில்லை. தொண்ணூறு பேர் சிரித்த சத்தம் அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

லுட்கே சிரிக்கவில்லை. குள்ளமான மனிதர், கழுத்தே கிடையாது. குனிந்து ஒரு குண்டைப் பொறுக்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். வேலிவரை கேட்கிற குரல் அவருக்கு.

"என்ன மீன் பிடிக்கப் போற?"

"மடவை, கோச்."

"யார் தெச்சது?"

"எங்க அக்கா."

"உன் அக்கா கிட்ட மீன்பிடி நூல்ல தெக்கச் சொல்லு. துணி நூல் தாங்காது." இதைச் சொல்லிவிட்டு மீதி ஈயத்தையும் அவிழ்த்து வைக்கச் சொன்னார். வெர்டெல் எல்லாவற்றையும் வைத்தான். பிறகு நேர்மையானவனாகத் தண்ணீரைப் பற்றியும் சொன்னான். போய் இறக்கிவிட்டு வா என்று அனுப்பினார். வேலிக்கு வெளியே என் பக்கத்தில் நின்றவர் மெல்ல இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

திரும்பி வந்தவனை மறுபடி ஓடச் சொன்னார். இந்த முறை ஓடியது வேறு வெர்டெல். கரும்பு வரப்பில் காலையில் யாரும் பார்க்காமல் ஓடிய அந்த வெர்டெல். லுட்கே கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் இன்னொருவர் கையிலிருந்ததையும் வாங்கிப் பார்த்தார். ஈயத்தோடும் தண்ணீரோடும் ஐந்து விநாடிக்கு ஒரு மயிரிழை குறைவாக ஓடியவன், இப்போது நான்கு புள்ளி எட்டுக்கும் கீழே ஓடியிருந்தான். அவன் உடம்புக்கு அது காட்டெருமை முயல் மாதிரி ஓடுவதற்குச் சமம்.

"நடுவுல நிக்கறதுக்கு நீ லாயக்கில்ல," என்றார் லுட்கே.

வெர்டெல் தலையை ஆட்டிவிட்டு விடுதிப் பக்கம் நடக்க ஆரம்பித்தான். பையைக் கட்டத்தான்.

"எங்க போற? நான் ஓரத்துக்கு ஆள் தேடி ரெண்டு வருஷம் ஆச்சு. இந்த வேகத்தை வச்சுக்கிட்டு பன்னெண்டு வருஷமா நடுவுல என்னடா பண்ணிட்டிருந்த?"

இதை நான் ஒப்புக்கொள்கிறேன்: அவனைப் பருமனாக்க வேண்டும் என்று ஊரே பாடுபட்டது, நான் முன்னால் நின்று பாடுபட்டேன். அது தப்பு. ஆனால் ஈயம் இல்லாவிட்டால் அவன் இரண்டாவது முறை ஓடியிருக்க மாட்டான். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஊருக்குத் திரும்பிவிட்டேன். இடம் இன்னும் உறுதியில்லை. ஐந்து வாரம் அவகாசம். அந்த முகாமில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்களைக் கழிக்கிற நாளில் காலை ஏழு மணிக்கு ஓர் ஆள் விடுதிக்கு வருவான். அவனுக்குப் பட்டப்பெயர் கத்தி. எந்தக் கதவைத் தட்டுகிறானோ அந்த அறைக்காரன், ஆட்டத் திட்டங்கள் எழுதிய தடித்த நோட்டை எடுத்துக்கொண்டு பயிற்சியாளரைப் பார்க்கப் போக வேண்டும். நோட்டைக் கொடுத்தால் கதை முடிந்தது. பெரிய ஆட்டக்காரர்கள்கூட அந்த நாட்களில் குளியலறையில் ஒளிந்துகொள்வார்களாம், தட்டினால் கேட்கக் கூடாது என்று.

ஓரத்தில் நிற்கிறவனுக்கு வேலை வேறு. வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடி, பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கை எறியவிடாமல் பிடிக்க வேண்டும். வெர்டெலுக்கு ஓட்டம் வந்தது. ஆனால் பன்னிரண்டு வருடம் பந்து அவன் மூக்குக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. அது அசைந்தால் இவனும் அசைவான். இப்போது பந்து தூரத்தில், நடுவில். அதனால் கண்ணை விட்டுவிட்டுக் காதை நம்பினான். பந்தைக் கொடுக்கச் சொல்லிக் குவார்ட்டர்பேக் உரக்கக் குரல் கொடுப்பான், அதைக் கேட்டுக் கிளம்பினான். எதிராளிகள் சும்மா இருப்பார்களா? குரலைத் திடீரென்று உயர்த்தி ஏமாற்றுவார்கள். பந்து அசைவதற்கு முன்னால் கோட்டைத் தாண்டினால் அணிக்கு ஐந்து கஜம் தண்டனை. முதல் பயிற்சி ஆட்டத்தில் இரண்டு முறை தாண்டினான். இரண்டாவது ஆட்டத்தில் மூன்று முறை. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போன் செய்தான்.

"மச்சான், எவன் தும்மினாலும் நான் தாவிடறேன். அடுத்த ஆட்டத்துல ஒரு தடவை தாவினாலும் கத்தி என் கதவுக்குத்தான் வருவான்."

அதற்கு வைத்தியம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத விஷயங்கள் மிகக் குறைவு; அதில் அது ஒன்று. ஓடீல் ரிசீவரை வாங்கி, சாப்பிட்டாயா என்று கேட்டாள். ஆலையைப் பற்றிப் பேசினார்கள். மேஸ்திரி மறுபடி ஆள் அனுப்பியதைச் சொன்னாள். அவர் இப்போதெல்லாம் காதில் பஞ்சு இல்லாமலே கொட்டடியில் நின்று முழுச் செவிடாகிவிட்டார் என்றும் சொன்னாள். "பஞ்சா?" என்று கேட்டான் வெர்டெல். பிறகு, வைக்கிறேன் அக்கா என்று வைத்துவிட்டான்.

பாகு காய்ச்சும் கொட்டடியில் நின்றவர்களுக்குத் தெரியும். அங்கே நீராவிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. எல்லோரும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, அடுத்தவன் கையைப் பார்த்து வேலை செய்வார்கள். கை உயர்ந்தால் வால்வைத் திற, கை சாய்ந்தால் மூடு. வெர்டெல் அங்கே ஒரு வால்வைக்கூடத் தப்பாகத் திறந்ததில்லை.

மூன்றாவது ஆட்டம், கடைசிப் பயிற்சி ஆட்டம். தலைக்கவசத்தை மாட்டுவதற்கு முன்னால் இரண்டு காதிலும் பஞ்சைத் திணித்துக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை. குவார்ட்டர்பேக் கத்திக் கத்திப் பார்த்தான். இவன் கண்ணைப் பந்தைவிட்டு எடுக்காமல் கல்லு மாதிரி நின்றான். பந்து அசைந்த அடுத்த நொடி பாய்ந்தான். ஆட்டம் முழுக்க ஒரு முறைகூடக் கோட்டைத் தாண்டவில்லை.

ஆனால் பஞ்சு எதிரியின் குரலை மட்டுமா அடைக்கும்? தடுப்புப் பக்கத்துக்குத் தலைவன் ராஸ்கோ டில்மன், பதினோரு வருடம் ஆடிய லைன்பேக்கர். கடைசிக் கால்பகுதியில் அவன் திட்டத்தை மாற்றினான்: ஓரத்தில் நிற்பவன் பாயாமல் பின்வாங்கி, பந்து வந்து விழும் இடத்தைக் காக்க வேண்டும். மூன்று முறை கத்தினான். மற்றப் பத்துப் பேரும் அதன்படி நகர்ந்தார்கள். வெர்டெல் தன் பாட்டுக்குப் பாய்ந்தான். டில்மன் கத்தியதைக் கேட்டு, அவன் பின்வாங்குவான் என்று எதிரணியும் நம்பியிருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் காக்கவில்லை. குவார்ட்டர்பேக் திரும்பிப் பார்ப்பதற்குள் வெர்டெல் அவன் முதுகில் இருந்தான். பந்து தெறித்து உருண்டது. டில்மனே அதன்மேல் விழுந்து எடுத்தான்.

எழுந்ததும் டில்மன் வெர்டெலின் முகக் கம்பியைப் பிடித்து இழுத்து ஏதோ திட்டினான். வெர்டெல் பணிவாகத் தலையாட்டினான். இன்னும் திட்டினான். இன்னும் தலையாட்டினான். கோட்டோரம் வந்ததும் லுட்கே கேட்டார், டில்மன் கத்தியது கேட்கவில்லையா என்று. அதற்கும் தலையாட்டினான். லுட்கே அவன் தலைக்கவசத்தைக் கழற்றி, காதுக்குள் எட்டிப் பார்த்து, இரண்டு விரலால் பஞ்சை இழுத்தார்.

"அன்னிக்கு இடுப்புல ஈயம். இன்னிக்குக் காதுல பஞ்சு. நாளைக்கு எதுல என்னத்தைக் கொண்டு வரப் போற?"

"வேற எதுவும் இல்ல கோச். இவ்வளவுதான்."

டில்மன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "இருக்கட்டும் கோச். இந்தச் செவிடனை நான் இடுப்புல தட்டிச் சொல்லிக்கறேன். ஒரு தட்டு தட்டினா பாயட்டும், ரெண்டு தட்டினா நிக்கட்டும்," என்றான்.

கழிக்கிற நாள் செவ்வாய்க்கிழமை. வெர்டெல் ஆறு மணிக்கே எழுந்து குளித்து, நோட்டை மடியில் வைத்துக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தானாம். ஒளியவில்லை. நடைபாதையில் கத்தியின் செருப்புச் சத்தம் வந்தது. எதிர் அறையைத் தட்டினான். பக்கத்து அறையைத் தட்டினான். செருப்பு இவன் கதவுக்கு முன்னால் வந்து நின்றது. இங்கே கடையில் நானும் ஓடீலும் தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றோம். ஒரு வாடிக்கையாளர் மூன்று முறை கேட்ட பிறகுதான் அவருக்கு நான் தலைக்கறி நிறுத்தேன். செருப்பு நகர்ந்து படியிறங்கிப் போய்விட்டது. ஏழரைக்கு வெர்டெல் பயிற்சிக்குப் போனான். உனக்கு இடம் கிடைத்தது என்று யாரும் சொல்லவில்லை, அது அவர்கள் வழக்கமில்லை. லுட்கே போகிற போக்கில், "விடுதியை வெள்ளிக்கிழமை பூட்டறாங்க. ஊருக்குள்ள வாடகைக்கு வீடு பாத்துக்க. குளிர் தாங்கற வீடாப் பாரு," என்றார்.

போனில் அதை அப்படியே சொன்னான். ஓடீல் அழுதாள். நான் கடைக்கு வெளியே போய், தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை ஒரு கட்டிலையும் நாற்பது பவுண்டு பூடானையும் ஏற்றிக்கொண்டு மறுபடி வடக்கே போனேன்.

ஒரு வருடம் கேட்டவன் ஒன்பது வருடம் ஆடினான். ஐம்பத்தெட்டு முறை குவார்ட்டர்பேக்கைச் சாய்த்தான். டில்மன் ஓய்வு பெற்ற பிறகு வந்த லைன்பேக்கர்களும் அவன் இடுப்பில் தட்டித்தான் சேதி சொன்னார்கள்; காரணம் அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒன்பது ஆகஸ்டிலும் கத்தி அவன் கதவைத் தட்டவில்லை.

பத்தாவது ஆகஸ்டில் வலது முழங்கால் மூன்றாவது முறையாக வீங்கியது. கழிக்கிற நாளன்று ஆறரை மணிக்கு, கத்தி வருவதற்கு முன்னாலேயே, வெர்டெல் நோட்டை எடுத்துக்கொண்டு தானே போய் லுட்கேயின் கதவைத் தட்டினான். லுட்கே பல் துலக்கிக்கொண்டே திறந்தாராம்.

"உன்னை யார் கூப்பிட்டது?"

"முழங்கால் கூப்பிட்டுச்சு கோச்."

லுட்கே நோட்டை வாங்கிக்கொண்டார். உள்ளே கூப்பிட்டுக் காப்பி போட்டுக் கொடுத்தார். இரண்டு பேரும் பத்து மணிவரை பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மற்றவர்களைக் கழிக்கிற வேலை மூன்று மணி நேரம் தள்ளிப்போனது. அந்த மூன்று மணி நேரமும் முகாமிலிருந்த பையன்களெல்லாம் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை என்று சொல்லி வெர்டெல் இன்றைக்கும் சிரிப்பான்.